செல்போனா, ஜிபிஎஸ் பெட்டியா, டேட்டா லாகரா: நெல்லையிலிருந்து டிராக்குக்குப் போகிறவருக்கு எது?

பாளையங்கோட்டையிலிருந்து கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். இருங்காட்டுக்கோட்டை டிராக் அறுநூறை ஒட்டி வரும். நம்ம பக்கத்துக்காரருக்கு வருஷத்தில் இரண்டு மூன்று டிராக் டே, அதாவது சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள், வாய்த்தாலே பெரிது. கோவைக்காரர் இன்று விட்டதை அடுத்த மாதமே போய்ச் சரிபண்ணிக்கொள்ளலாம். நாம் ஓட்டியதை வீட்டுக்குக் கொண்டுவந்து, பொறுமையாக உட்கார்ந்து படித்தால்தான் உண்டு. ஓட்டியதைப் பதிவு செய்ய எந்தக் கருவி நல்லது என்று நான் பார்ப்பது இந்தக் கணக்கில்தான்.

முதலில் செல்போன் மட்டும். ரேஸ்குரோனோ, ஹாரிஸ் லேப்டைமர் மாதிரி ஒரு செயலியைப் போட்டால் லேப் டைம், அதாவது ஒரு சுற்றுக்கு ஆன நேரம், வந்துவிடும். ஆனால் போனில் இருக்கும் ஜிபிஎஸ் பெரும்பாலும் விநாடிக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறிக்கும். மணிக்கு 144 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு விநாடியில் 40 மீட்டர் கடந்துவிடும். எந்த இடத்தில் பிரேக்கை மிதித்தோம் என்று தேடினால், 40 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ன சொல்லும்? போதாததற்கு, மதிய வெயிலில் கண்ணாடியில் மாட்டிய போன் சூடேறி, பாதி ஓட்டத்தில் அணைந்து போனதும் எனக்கு நடந்திருக்கிறது. ஒரு முறை டிராக்கைப் பார்த்துவிட்டு வர இது போதும், கற்றுக்கொள்ளப் போதாது.

அடுத்தது அதே போன், அதே செயலி, கூடவே ப்ளூடூத்தில் இணையும் தனி ஜிபிஎஸ் பெட்டி. ரேஸ்பாக்ஸ் மினி விநாடிக்கு 25 முறை பதிவு செய்கிறது. அதே வேகத்தில் 1.6 மீட்டருக்கு ஒரு புள்ளி. இங்கேதான் படிப்பு தொடங்குகிறது. கிடைமட்டத்தில் தூரம், செங்குத்தில் வேகம் என்று வைத்து, நம்முடைய நல்ல லேப்பையும் சுமாரான லேப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்க்கலாம். கீழே நேர வித்தியாசக் கோடு ஓடும். அது எந்த இடத்தில் ஏறுகிறதோ, அங்கே நேரம் போகிறது.

டிராக் ஓரம் கார்கள் நிற்கும் பிட்டில் கூட நின்ற நண்பர்கள் எல்லாரும் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "பிரேக்கை இன்னும் லேட்டாப் பிடிங்க அண்ணாச்சி." நானும் அப்படியே பிடித்தேன். வீட்டுக்கு வந்து கோட்டைப் பார்த்தால் கதை வேறு. தாமதமாகப் பிடித்த லேப்பில் வளைவுக்குள் வேகம் அதிகமாக இறங்கியிருந்தது, மறுபடி ஏறத் தொடங்கியதும் தாமதம். 400 மீட்டர் நேர்பாதையைச் சராசரி மணிக்கு 120 கிலோமீட்டரில் கடந்தால் 12 விநாடி, 123-இல் கடந்தால் 11.7. வளைவை விட்டு வெளியே வரும் வேகத்தில் அந்த 3 கிலோமீட்டரை விட்டுவிட்டு, பிரேக்கில் எதைப் பிடித்து என்ன பயன்? இன்னொன்றும் தெரிந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததற்கும் பிரேக் அழுந்தியதற்கும் நடுவே கார் சும்மா உருண்ட நேரம். மணிக்கு 90-இல் அது அரை விநாடி என்றால் 12.5 மீட்டர். காருக்குள் உட்கார்ந்திருக்கும்போது இது உறைக்காது.

மூன்றாவது, ஏஐஎம் சோலோ 2 டிஎல் மாதிரியான முழு டேட்டா லாகர். எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியுவோடு இணைந்து, ஜிபிஎஸ்ஸோடு ஆக்சிலேட்டர் அளவு, எஞ்சின் சுழற்சி, கார் தந்தால் பிரேக் அழுத்தம், ஸ்டீயரிங் கோணம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதும். பதிவைப் படிக்க உதவும் ரேஸ் ஸ்டுடியோ மென்பொருள் இலவசம். மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் ராக்கெட் எஞ்சினைத் தரையோடு பிணைத்து எரிக்கும்போது அழுத்தம், வெப்பம் என்று ஒவ்வொன்றையும் சென்சார் வைத்து அளக்கிறார்களே, அதே வழிதான். ஜிபிஎஸ் பெட்டி வேகம் எங்கே குறைந்தது என்று காட்டும். லாகர், கால் தயங்கியதா, கார் நழுவி கை திருத்தியதா என்று காரணத்தையே காட்டும். ஆனால் விலை பல மடங்கு. அப்புறம், மெக்கானிக் பழுது பார்க்கக் கருவி செருகும் சாதாரண ஓபிடி சாக்கெட் வழியாக மட்டும் இணைத்தால் தகவல் மெதுவாகத்தான் வரும். காருக்குள் கணினிகள் தகவல் பரிமாறும் கேன் வயரில் நேராக இணைத்தால்தான் லாகருக்குக் கொடுத்த பணத்துக்குப் பலன்.

2020-இல் வந்த கார்மின் கேட்டலிஸ்ட், ஓட்டும்போதே காதில் ஆலோசனை சொல்லும், கேமராவும் உண்டு. அடிக்கடி டிராக்குக்குப் போகிறவருக்கு அருமையான துணை. நம்மைப் போல வீட்டில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு அதன் முக்கியமான பலம் வீணாகிறது.

சொந்தக் காரில் போகும் நெல்லைக்காரருக்கு நான் சொல்வது விநாடிக்கு 25 முறை பதியும் ஜிபிஎஸ் பெட்டியும், கை, ரோடு இரண்டும் தெரிகிற மாதிரி ஒரு கேமராவும். மிச்சப் பணம் டயருக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் போகட்டும். கிளம்புவதற்கு முன் நான்குவழிச் சாலையில் சாதாரண வேகத்தில் ஓட்டி, பெட்டி அசையாமல் இருக்கிறதா, சாட்டிலைட் பிடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வேகத்தைச் சோதிக்கும் இடம் அது இல்லை.

கல்லூரியில் ஃபார்முலா கார் கட்டும் என் அக்கா மகன் கேட்டபோது மட்டும் வேறு பதில் சொன்னேன். "மாமா, எங்களுக்கும் அதே பெட்டி போதுமா?" என்றான். அவர்கள் காரில் ஈசியு, வயரிங் எல்லாம் அவர்கள் கையாலேயே போட்டது. ஓட்டுநரை மட்டுமில்லை, காரையும் சேர்த்துத் திருத்த வேண்டும். லாகரே வாங்குங்கள், பிரேக் அழுத்த சென்சாரை முதல் நாளே மாட்டுங்கள் என்றேன்.