விஷுவல்பாய் அட்வான்ஸ்: பதிமூன்று வருடப் பழக்கமும் ஒரு ஷிப்ட் கீயும்

போன வாரம் என் பழைய அரசு லேப்டாப்புக்குக் கீபோர்டு மாற்றினேன். கடைக்காரர் பழையதைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இசட் கீயில் எழுத்தே இல்லை. விரல் பட்ட இடம் மட்டும் எண்ணெய் தடவினதுபோல் பளபளத்தது. பக்கத்து எக்ஸ் பாதி அழிந்திருந்தது. மற்றதெல்லாம் கிட்டத்தட்ட புதுசு. "டைப்பிங் வேலையா தம்பி?" என்று கேட்டார். போக்கிமான் என்றேன். நின்டெண்டோவின் கேம்பாய் அட்வான்ஸ் (ஜிபிஏ) என்ற கையடக்கக் கருவியின் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டர் மென்பொருள்தான் விஷுவல்பாய் அட்வான்ஸ். அதில் இசட்தான் ஏ பட்டன், எக்ஸ்தான் பி பட்டன். 2012-ல் ப்ளஸ் டூ வகுப்பில் பழகிய விரல் இன்றுவரை அந்த இடத்தை விடவில்லை.

அந்த இசட் செத்து ஒரு வருடம் இருக்கும். நான் தமிழ் அடிக்கிற தமிழ்99 கீபோர்டு அமைப்பில் அந்த இடத்தில் இருப்பது ஔ. ஔவையாரையும் ஔஷதத்தையும் எழுதினால் ஒழிய அது தேவைப்படாது, அதனால் வேலைக்கு இடைஞ்சல் இல்லை. விளையாட்டுதான் நின்றுபோனது. ஏ பட்டனை வேறு கீக்கு மாற்றிப் பார்த்தேன், விரல் கேட்கவில்லை. கடைசியில் கடைக்கே போய்விட்டேன்.

அன்று ராத்திரி அக்கா மகன் கூப்பிட்டான். "மாமா, எங்க காலேஜ்ல லேப்டாப் குடுத்துட்டாங்க. நீங்க வெச்சிருப்பீங்களே அந்த ஜிபிஏ எமுலேட்டர், அதையே போட்டுக்கட்டுமா?" போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கிடைத்த அரசு லேப்டாப்பின் விவரம் எங்கள் செட்டுக்கு மனப்பாடம்: 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், ஒரு பக்கம் விண்டோஸ், இன்னொரு பக்கம் பாஸ் லினக்ஸ். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய திட்டம் அடுத்த வருடம் எங்கள் கைக்கு வந்தது. கிடைத்த வாரமே எல்லா எமுலேட்டரையும் போட்டுப் பார்த்தோம். ப்ளேஸ்டேஷன் 2 பக்கம் போகவே முடியாது. முதல் ப்ளேஸ்டேஷனுக்கான இபிஎஸ்எக்ஸ்இ எமுலேட்டரில் டெக்கன் 3 என்ற சண்டை கேம் நன்றாகவே ஓடியது, ஆனால் இரண்டு பேர் ஒரே கீபோர்டில் அடித்தால் ஒருவன் உதை மற்றவனுக்குப் பதிவாகாது, அதற்கே சண்டை வரும். ஜிபிஏ மட்டும் எந்த மக்கரும் பண்ணாமல் ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? அந்தக் கருவியின் ப்ராசஸர் 16.78 மெகாஹெர்ட்ஸ், திரை 240-க்கு 160 புள்ளிதான். போக்கிமான் எமரால்டு கேம் மொத்தமே 16 எம்பி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பென்டிரைவ் கை மாறியது, கடைசி பெல் அடிப்பதற்குள் வகுப்பு முழுக்க எமரால்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வருடம் எங்கள் பக்கம் கரண்ட் பாதி நாள் இருக்காது. ஜிடிஏ வைஸ் சிட்டி மாதிரி பெரிய கேம் போட்டால் ஒன்றரை மணி நேரத்தில் சார்ஜ் தீரும். விஷுவல்பாயில் மூன்று மணி நேரம் தாராளமாக ஓடும். இருட்டில் திண்ணையில் உட்கார்ந்து அந்தச் சின்னச் சதுரத்தை நாலு பேர் சுற்றி நின்று பார்த்த சந்தோஷத்தை, பிற்பாடு வாங்கிய எந்த நல்ல கம்ப்யூட்டரும் எனக்குத் தரவில்லை.

எமரால்டில் போக்கிமான்களும் அவற்றின் அடிகளும் மொத்தம் 17 வகை. நீர் நெருப்பை அடிக்கும், நெருப்பு புல்லை எரிக்கும், இதெல்லாம் யாருக்கும் புரியும். பேய் அடி நார்மல்மேல் படவே படாது, மின்சாரம் கிரவுண்ட்மேல் ஏறாது, சைக்கிக் அடி டார்க்கிடம் பலிக்காது என்பதை உட்கார்ந்து படிக்க வேண்டும். என் பெஞ்சுக்காரன் கிராஃப் ஷீட்டில் 17-க்கு 17 கட்டம் போட்டான். இரண்டு மடங்குக்குச் சிவப்பு மை, பாதிக்கு நீலம், பூஜ்யத்துக்குப் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி. நிரப்பி முடிக்க நாலு நாள் ஆனது. ஷீட்டின் ஓரத்தில் இங்கிலீஷ் வார்த்தைகளைத் தமிழில் எழுதிவைத்தான்: ஃபெயின்ட் என்றால் மயக்கம், எஃபெக்டிவ் என்றால் பலிக்கும், ஃப்ளீ என்றால் தப்பி ஓடு. தமிழ் மீடியத்தில் படித்த நாங்கள், யாரும் கட்டாயப்படுத்தாமல் இங்கிலீஷைக் கடைசி வரிவரை வாசித்தது அந்தத் திரையில்தான். வாசிக்காவிட்டால் அடுத்த ஊருக்கு எப்படிப் போவது என்று தெரியாது.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

விஷுவல்பாயில் ஷிப்ட்டோடு எஃப்1 அடித்தால் அந்த நொடி அப்படியே ஸேவ் ஆகும், அதற்குப் பெயர் ஸ்டேட். ஷிப்ட் இல்லாமல் எஃப்1 மட்டும் அடித்தால், முன்னால் ஸேவ் செய்தது திரும்ப ஏறும். நிஜமாகவா என்று ஒரு வார்த்தை கேட்காது. ஏறியதைத் திருப்பவும் வழி கிடையாது. காப்பாற்றுவதற்கும் அழிப்பதற்கும் நடுவில் இருப்பது ஒரு சுண்டுவிரல்.

அரையாண்டுத் தேர்வு நெருங்கிய நேரம். எமரால்டில் ஊர் ஊராக ஜெயித்து வாங்கும் எட்டு பேட்ஜில் எனக்கு ஏழு, 61 மணி நேரம். எட்டாவதுக்காக சூடோபோலிஸ் என்ற ஊரில் நிற்கிறேன். வராந்தாவில் சார் செருப்புச் சத்தம். அவசரமாக அடித்ததில் ஷிப்ட் சரியாக விழவில்லை. பாட்டு சட்டென்று மாறியது. மாவில் நகரத்தில், மூன்று பேட்ஜோடு நிற்கிறேன். கேமுக்குள்ளேயே ஸேவ் செய்தது இருக்குமே என்று ரீசெட் செய்து பார்த்தேன். அதுவும் மாவில்தான். ஒரு ஸ்டேட்டை ஏற்றினால், அதைச் சேமித்த நாளில் இருந்த கேம் ஸேவும் கூடவே வந்து இப்போதைய ஸேவின்மேல் உட்கார்ந்துவிடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சார் பாடம் நடத்தினார், என் காதில் ஒன்றும் ஏறவில்லை. இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் வயிறு எரிகிறது.

இன்னொரு போக்கிமான் கேமான ஃபயர் ரெட் போட்டவர்களுக்கு வேறு தொல்லை. திறந்ததும் ஏதோ சர்க்யூட் போர்டு இணைக்கப்படவில்லை என்று ஒரு வரி வரும். அந்த கேமின் ஸேவுக்கு 128கே ஃப்ளாஷ் மெமரி வேண்டும், எமுலேட்டர் தானாக எடுத்துக்கொள்வது 64கே. மெனுவில் மாற்றினால் சரியாகிவிடும். கேமுக்குள் ஓடும் கடிகாரத்தையும் அதே மாதிரி நாமேதான் ஆன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எமரால்டு சொல்லும், நட்ட பெர்ரி முளைக்காது. விஷுவல்பாயின் வாரிசாகப் பிற்பாடு வந்த விபிஏ-எம்மில் இதையெல்லாம் கேமுக்கு கேம் குறித்துவைத்த ஒரு சின்ன ஐஎன்ஐ கோப்பு கூடவே வந்தது. நாங்கள்தான் எக்ஸ்இ கோப்பை மட்டும் காப்பி செய்துவிட்டு மற்றதை விட்டுவிடுவோம்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். யாரோ தங்கள் ஓய்வு நேரத்தில் எழுதி, மூல நிரலோடு இலவசமாகக் கொடுத்தது இது. கேம் ஸேவைத் தொடாமல் ஸ்டேட்டை மட்டும் ஏற்றும் தேர்வும் விபிஏ-எம்மில் உண்டு. ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் பறக்கும் அந்த வேகம் இல்லாவிட்டால், லெவல் ஏற்ற எங்களுக்கு ஒரு வருடம் போதாது.

எம்ஜிபிஏ என்ற இன்னொரு ஜிபிஏ எமுலேட்டரும் சில வருடமாக வைத்திருக்கிறேன். எந்த கேமுக்கு எந்த ஸேவ் வகை என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்கிறது, கடிகாரம் தானாக ஓடுகிறது. முக்கியமாக, தவறி ஏற்றிய ஸ்டேட்டைத் திருப்ப மெனுவில் ஒரு வரி இருக்கிறது. அதை முதலில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த ஒரு வரி 2012-ல் இருந்திருந்தால்! என் லேப்டாப்பில் ஃபேன் சத்தம் கொஞ்சம் கூடுகிறது, மற்றபடி முழு வேகம். ஒரே இடிப்பு, அதில் எக்ஸ்தான் ஏ, இசட்தான் பி. செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்வரை, சரி என்று சொல்ல நினைத்த இடத்திலெல்லாம் வேண்டாம் என்று அடித்துக்கொண்டிருந்தேன்.

மருமகனுக்கு இன்னும் இரண்டு விஷயம். காலேஜ் லேபில் இதைப் போடாதே. ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் டேஞ்சரஸ் டேவ் கேமைக் கொண்டுபோன பென்டிரைவில், ஃபோல்டர் படம் போட்ட 'நியூ ஃபோல்டர்' எக்ஸ்இ வைரஸும் சேர்ந்து போனது. அத்தனை கம்ப்யூட்டரும் படுத்து, லேபைப் பூட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டரை அங்கே மட்டுமே தொட முடிந்த பிள்ளைகளுக்கு அந்த வாரம் எதுவுமே இல்லாமல் போனது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்புறம், எமுலேட்டர் வைத்திருப்பதில் தப்பில்லை, காசு கொடுக்காத கேமை இறக்குவது பதிப்புரிமை மீறல்தான். கேம்களை அனுமதியில்லாமல் இறக்கக் கொடுத்த ராம்யூனிவர்ஸ் தளத்தை நடத்தியவர் நின்டெண்டோவுக்கு 21 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2021-ல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்களுக்கு அப்போது இது தெரியாது, உனக்குத் தெரிந்தே இருக்கட்டும். ஜிபிஏ-வுக்கென்றே இன்றும் ஆர்வலர்கள் புதிதாக எழுதி இலவசமாகத் தரும் ஹோம்ப்ரூ கேம்கள் நிறைய இருக்கின்றன. அதில் ஆரம்பி.

எம்ஜிபிஏ போட்டுக்கொள். விஷுவல்பாய்க்கு ஐந்துக்கு இரண்டுக்குமேல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் கையில் கொடுக்கிற பொருள் இப்படி இருக்கக் கூடாது.

கீபோர்டு மாட்டி வந்த அன்றிரவு அதை அழித்துவிடலாம் என்றுதான் லேப்டாப்பைத் திறந்தேன். அழிப்பதற்குமுன் ஒரு தடவை எமரால்டைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. மாவிலிலிருந்து மறுபடி நடந்து, பரீட்சை முடிந்த மறுநாள் கடைசி சாம்பியன் வாலஸை ஜெயித்த அதே ஸேவ். அப்படியே இருந்தது. ஸ்பேஸ் பாரை அழுத்தினேன், ஓடியது. நேரம் போனதே தெரியவில்லை. பதினொன்றரைக்கு, கேமுக்குள்ளேயே ஸேவ் செய்துவிட்டு மூடினேன். அழிக்கவில்லை. இசட் இன்னும் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது.