வேட்டியில் ஒட்டாத பிரவுன்

போன வருஷம் ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்கு ஏழு பெல்ட் தைத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளைக்கும் அவர் சித்தப்பா, மாமன் வகையறாவுக்கும் வேட்டியில் கட்டிக்கொள்ள. நல்ல எருமைத் தோல், மூன்றரை மில்லி கனம், மெழுகு நூலில் இரண்டு ஊசி போட்டுக் கைத்தையல். சாயம் மட்டும் ஆன்லைனில் வாங்கிய பாட்டில்; நானே பஞ்சில் தொட்டுத் தேய்த்தேன். முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்காரும்போது மாப்பிள்ளை இடுப்பைச் சுற்றிப் பிரவுன் வளையம். பட்டு வேட்டி. வியர்வையில் ஊறி, பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு இறங்கியிருந்ததாம். பந்தியிலிருந்தே போன் வந்தது. ஏழு பெல்ட் காசையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேட்டி காசு என்று அவர்கள் கேட்பதற்குள் நானே ஆயிரம் ரூபாய் சேர்த்து வைத்தேன்.

அதற்கப்புறம் தேடிப் பிடித்ததுதான் பேரணாம்பட்டில் இருக்கும் இந்தப் பட்டறை. கைவேலைத் தோல் சாமானுக்குச் சாயம் போட்டு ஃபினிஷிங் செய்து தருகிற இடம். நான்கு முறை கொடுத்து வாங்கியாகிவிட்டது, நல்லதும் கெட்டதும் பார்த்தாகிவிட்டது. பெயர்ப்பலகை கிடையாது; இருந்திருந்தாலும் குறையும் சொல்லப்போவதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஊர் குடியாத்தம். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைத்தேன். விடியற்காலை கம்பெனி பஸ், இருட்டிய பிறகு வீடு. அங்கே தோல் எங்கள் மேஜைக்கு வரும்போதே டிரம்மில் சாயம் ஏறி, ஸ்ப்ரே அடித்து, பிரஸ் போட்டு, மினுமினுவென்று வந்துவிடும். நிறம் எங்கள் கவலையே இல்லை. முதுகு ஒத்துக்கொள்ளாமல் வேலையை விட்டு, வீட்டில் பர்ஸ், பெல்ட், சாவிக்கொத்து என்று தைக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, பதினோரு வருஷம் தோலைத் தொட்டவளுக்குத் தோலின் பாதிக் கதை தெரியாது என்று.

நம் பக்கத்து டேனரிகளில் பெரும்பாலும் குரோம் தோல்தான், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது. நான் வாங்குவது பட்டை போட்டுப் பதனிட்டது. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். இப்போது பெரும்பாலும் வாட்டில் என்கிற மரத்தின் பட்டைச் சத்து. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. சாயம் ஏறாத துண்டை வெட்டி ஓரத்தைப் பாருங்கள்: நடுவில் நீலம் கலந்த சாம்பல் தெரிந்தால் குரோம், ஓரம் முழுக்க ரொட்டி நிறமாக இருந்தால் பட்டை. மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பட்டைத் தோல் சட்டென்று குடித்துக் கறுக்கும். கையால் சாயம் போடவும், ஓரத்தைத் தேய்த்து மெருகேற்றவும் தோதானது இதுதான்.

பட்டறை என்றால் ஒற்றை அறை. மேலே அட்டைக் கூரை, ஒரு ஜன்னல், உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறும் ஸ்பிரிட் வாசனை. பட்டறை நடத்துகிற பாய்க்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஒரு டேனரியில் ஃபினிஷிங் செக்ஷனில் முப்பது வருஷம் இருந்தவர். முதல் நாள் அந்தக் கல்யாணப் பெல்ட்டில் ஒன்றை எடுத்துப்போய் மேஜையில் வைத்தேன். நிறம் எப்படி என்று பார்க்கவே இல்லை. பக்கத்துக் கூடையிலிருந்து வெள்ளை பனியன் துணியில் ஒரு துண்டு எடுத்து விரலில் சுற்றி, பத்து தரம் தேய்த்தார். துணியில் டீ கறை மாதிரி வந்தது. இன்னொரு துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மறுபடி பத்து தரம். இந்தத் தடவை டிகாக்ஷன்.

“இது சாயம் போட்டது இல்லம்மா. சாயம் பூசுனது.”

நான் என்ன செய்திருப்பேன் என்பதையும் அவரே சொன்னார். நிறம் போதவில்லை என்று மேலே மேலே ஊற்றியிருப்பேன், ஃபேன் காற்றில் காயவைத்திருப்பேன், உடனே எண்ணெய் தடவிப் பளபளப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பேன். மூன்றும் உண்மை. தோல் குடிக்கிற அளவு குடித்துவிட்டது. மிச்சம் மேலே பொடியாகக் காய்ந்து உட்கார்ந்துவிட்டது. வியர்வை பட்டதும் அந்தப் பொடி வேட்டிக்கு மாறியது.

எனக்கு உடனே எங்கள் ஆயா ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் கைலி தறி ஓடியது. நூலுக்குச் சாயம் போட்ட அன்று, முக்கி எடுப்பது அரை மணி வேலை என்றால் அலசுவது அரை நாள் வேலை. தொட்டித் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிகிற வரைக்கும் ஆயா நூல் சிட்டத்தை வெளியே விடமாட்டார். ஸ்பிரிட் சாயம் போட்ட தோலை அப்படித் தொட்டியில் போட்டு அலச முடியாது. அதற்குப் பதில் பாய் துடைக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் வேலை செய்வதை ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். முதலில் ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு துடை. நம் விரல் எண்ணெய் பட்ட இடத்தில் சாயம் திட்டாகுமாம். அப்புறம் ஈரத் துணியால் லேசாக நனைப்பு. காய்ந்த தோல் முதல் தொடலிலேயே உறிஞ்சிக் கோடு கோடாகிவிடும். சாயத்தைப் பாட்டிலில் இருந்தபடியே தொடுவதில்லை. பாதிக்குப் பாதி ஸ்பிரிட் விட்டு இளக்கிக்கொள்கிறார். ஒரு பூச்சு நீளவாக்கில், அடுத்தது குறுக்கே, மூன்றாவது வட்டம் வட்டமாக. ஒவ்வொன்றுக்கும் நடுவே நிழலில் காயவைக்கிறார். வெயிலில் வைப்பதே இல்லை. மூன்றாவது பூச்சு காய்ந்த மறுநாள்தான் முக்கியமான வேலை தொடங்குகிறது. பழைய கம்பளி ஸ்வெட்டரை வெட்டிய துண்டுகளால் தேய்ப்பு. துண்டு நிறமானதும் கீழே போட்டு அடுத்தது. ஒரு பெல்ட்டுக்கு ஆறு துண்டு எண்ணினேன். ஆறாவதில் நிறம் வரவில்லை. அதற்குப் பிறகும் ஒரு தரம் பனியன் துணியைச் சுற்றி, எனக்குக் காட்டவே தேய்த்தார். வெள்ளை.

அதன் பிறகுதான் எண்ணெய்: மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுக்கிற நீட்ஸ்ஃபுட் ஆயில், கையில் பட்டதா இல்லையா என்கிற அளவு. ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் தேன்மெழுகு கலவை. ஓரங்களை மட்டும் என்னிடமே விட்டார். நான் ஓரத்துக்குப் பாதாம் பிசின் ஊறவைத்துத் தடவி, மரக்கட்டையால் சூடேறத் தேய்ப்பேன். கேட்டுவிட்டு, “ஜிகர்தண்டாவுக்குப் போடுறதையா?” என்று சிரித்தார். ஓரத்தைத் தடவிப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை.

கறுப்பு தனிக் கதை. கறுப்புக்கு இவரிடம் சாயப் பாட்டிலே கிடையாது. மூலையில் ஒரு ஊறுகாய் ஜாடி. உள்ளே துருப்பிடித்த ஆணியும் வினிகரும் வாரக்கணக்கில் ஊறிக்கொண்டிருக்கும். அதை வடிகட்டி, பட்டைத் தோல்மேல் ஒரு தரம் தொடுகிறார். முதலில் சாம்பல், பிறகு ஊதா கலந்த சாம்பல், எண்ணி ஐந்து நிமிஷத்தில் கன்னங்கரேல். தோலுக்குள் இருக்கும் பட்டைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து அங்கேயே கறுப்பாக மாறுகின்றன. வெளியிலிருந்து நிறம் எதையும் கொண்டுபோய் ஒட்டவில்லை, அதனால் உதிர்வதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. குரோம் தோலில் இது பலிக்காது. அதில் அந்தத் துவர்ப்பு இல்லை. காளஹஸ்தி கலம்காரிக்காரர்கள் வெல்லத்தோடு இரும்பை ஊறவைத்துக் கறுப்பு எடுப்பதும் இதே கணக்குதான். அவர்கள் துணிக்கு முதலில் கடுக்காய் கொடுப்பார்கள். நம் தோலுக்குப் பட்டை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. கடைசியில் ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் ஒரு கழுவல், புளிப்பு நிற்கட்டும் என்று. தோல் கொஞ்சம் விறைப்பாகும், எண்ணெய் கூடுதலாகக் கேட்கும். வினிகர் வாசனை நாலைந்து நாள் இருக்கும். பரவாயில்லை. நான் பார்த்த கறுப்பில் இதுதான் கறுப்பு.

சரி, குறைக்கு வருவோம்.

இரண்டாவது தடவை ஆறு பர்ஸுக்கு வெட்டிய தோலைக் கொடுத்தேன். ஆர்டர் கொடுத்த பார்ட்டி பளபளப்பு வேண்டும் என்றதால் மெழுகு வேண்டாம், மேலே லாக்கர் (வார்னிஷ் மாதிரிப் பளபளப்புப் பூச்சு) அடித்துத் தாருங்கள் என்றேன். பெல்ட்டில் அவ்வளவு பொறுமையாக இருந்தவர், இதில் ஒரே பூச்சில் கெட்டியாக அடித்துவிட்டார். வாங்கும்போது கண்ணாடி. மடித்துத் தைத்து ஒரு வாரம் பாக்கெட்டில் வைத்ததும் மடிப்பில் பொடிப்பொடி வெடிப்பு, காய்ந்த ஏரி மாதிரி. திரும்பக் கொண்டுபோனேன். தப்பை ஒத்துக்கொண்டார், நான்கை உரித்துப் போட்டு மெல்லிசாக இரண்டு பூச்சு அடித்துத் தந்தார், கூலி வாங்கவில்லை. மீதி இரண்டு தேறவில்லை. அந்தத் தோல் காசை அவரும் தருகிறேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் மனசில் இருக்கிறது.

மூன்றாவது குறை (இரண்டாவது எது என்று கேட்காதீர்கள், தாமதத்தைக் கடைசியில் சொல்கிறேன்): கலவையை எழுதி வைப்பதில்லை. பிரவுனில் ஒரு துளி கறுப்பு, ஒரு துளி சிவப்பு என்று கண்ணளவில்தான் சேர்க்கிறார். ஒரு தடவை வாங்கிய பெல்ட்டும் இன்னொரு தடவை வாங்கியதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி, இரட்டைப் பிள்ளை இல்லை. ஒரே ஆர்டருக்கு வேண்டியதை ஒரே தடவையில் கொடுத்துவிடுங்கள். நான் இப்போது ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டை வெட்டி, பின்பக்கம் தேதி எழுதி, அவர் ஆணியில் ஒன்று, என் வீட்டில் ஒன்று மாட்டி வைக்கிறேன்.

கூலி நியாயம்தான்: பெல்ட்டுக்கு எண்பது, பர்ஸ் செட்டுக்கு அறுபது. ஐந்து உருப்படிக்குக் குறைந்தால் எடுப்பதில்லை. பில் கிடையாது. தைத்த சாமானைக் கொண்டுபோகாதீர்கள். நூலும் சாயம் குடித்துவிடும். வெட்டி, ஓட்டை போட்டு, தைப்பதற்கு முன்னால் கொடுக்க வேண்டும். அந்த அறையில் காற்று போதாது என்பதையும் சொல்ல வேண்டும். அரை மணி உட்கார்ந்தால் எனக்குத் தலைவலி; அவர் மாஸ்க் போட்டு நான் பார்த்ததில்லை. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள் பாய் என்று மூன்று தடவை சொல்லியாகிவிட்டது.

இந்த ஊர்க்காரி என்பதால் இன்னொன்றும் கேட்டேன், கழிவு எங்கே போகிறது என்று. பாலாற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்குத் தோல் என்றதும் அடுத்து வருவது தண்ணீர்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் டேனரிகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டது, சுத்திகரிப்பு இல்லாததை மூடச் சொன்னது. அது பெரிய டிரம், பெரிய தொட்டிகளின் கதை. இங்கே தண்ணீர் என்று போவது ஆப்பசோடா கழுவல் ஒரு வாளிதான். அதைத் தெருச் சாக்கடையில் ஊற்றுகிறார். ஒரு வாளிதானே என்று அவர் சொன்னார். எனக்கு அந்தப் பதில் ருசிக்கவில்லை. சாயத் துணிகளையாவது எரிக்காமல் குப்பை வண்டியில் போடுகிறார்.

தாமதம். வியாழன் தருகிறேன் என்றால் வெள்ளி ஜும்மா, சனி கரண்ட் கட், ஞாயிறு கல்யாணம். எட்டு நாள் தள்ளிப்போனதுதான் இதுவரை அதிகம். குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறிப்போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியது இரண்டு தடவை. போன் எடுக்கமாட்டார், கையெல்லாம் சாயம் என்பார். நாள் குறித்த ஆர்டர் கையில் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் பெல்ட்டுக்கு வேறு இடம் போக எனக்கு மனசில்லை. அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்திருக்கிறேன். வாங்கிவந்த ஒவ்வொரு பெல்ட்டையும் அதில் ஒரு துண்டை நனைத்துத் தேய்த்துப் பார்த்துத்தான் தைக்கிறேன். இதுவரை முப்பத்து நான்கு பெல்ட். ஒன்றில் மட்டும், கொக்கி மாட்டுகிற மடிப்பில், லேசாக வந்தது. நானே ஒரு கம்பளித் துண்டால் சரிசெய்துவிட்டேன்.

மாசி முகூர்த்தத்துக்கு இப்போது பன்னிரண்டு பெல்ட் கொடுத்திருக்கிறேன். வருகிற புதன் என்று சொல்லியிருக்கிறார். பார்ட்டியிடம் நான் அதற்கடுத்த புதனுக்கு அடுத்த வெள்ளி என்று சொல்லியிருக்கிறேன்.