பயணப் பதிவை நம்பி வேலையை விடலாமா: வழிவாரியாக ஒரு கணக்கு

ஊர் சுற்றிக்கொண்டே சம்பாதிக்கலாம் என்று ஆசை காட்டுபவர்கள் ஒரு விவரத்தை விட்டுவிடுவார்கள். சுற்றுகிற நாட்கள் செலவுக் கணக்கில் போகும். வரவு உருவாவது மேசை முன் உட்கார்ந்து எழுதி, காட்சிகளை வெட்டி ஒட்டி, போன வருடம் எழுதியதைத் திருத்தும் நாட்களில்தான். அந்த மேசை வேலை பிடிக்குமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிடிக்கும் என்பவருக்கு, எந்த வழியில் இறங்குவது என்பது அடுத்த கேள்வி.

முதல் காசு கைக்கு வர எவ்வளவு காலம், வந்த காசை யார் நிறுத்த முடியும், ஒரு நாள் பயணத்துக்கு எத்தனை நாள் மேசை வேலை: இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு வழியின் நிறமும் தெரிந்துவிடும்.

சொந்த வலைத்தளம்

டொமைன் (தளத்தின் முகவரி), ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்), வேர்ட்பிரஸ் (தளம் கட்டும் மென்பொருள்) என்று தளம் தொடங்க ஆகும் செலவு ஒரு நல்ல கேமரா லென்ஸின் விலைகூட வராது. கரைவது காலம். புதிய தளத்தைக் கூகுள் நம்பி வாசகர்களை அனுப்ப ஆறு மாதம் முதல் ஒரு வருடம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும்.

பலர் சறுக்குவது தலைப்பைத் தேர்வதில். ‘கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்’ என்று எழுதினால் பெரிய தளங்களோடு மோத வேண்டும். மாறாக, இரவு பதினொன்றரைக்கு விமானத்தை விட்டு இறங்குகிறவர் நகருக்குள் போவது எப்படி என்று எழுதுங்கள். கடைசி ரயில் எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் இரவுப் பேருந்து எந்த வாசலில் நிற்கும், டிக்கெட் இயந்திரம் வெளிநாட்டு வங்கி அட்டையை ஏற்குமா, பெரிய பெட்டியோடு வருபவருக்கு லிஃப்ட் எந்தப் பக்கம், டாக்ஸிக்காரர் மீட்டர் போடுவாரா என்று வரிசையாகச் சொல்லி, அந்த இயந்திரத்தின் திரையைப் படமாகப் போட்டால், அங்கே போய் நிற்காதவர் எழுத முடியாத கட்டுரை ஆகிவிடும். நாற்பது நாடுகளைப் பற்றி நாட்டுக்கு ஒன்றாக எழுதுவதைவிட ஒரே பகுதியைப் பற்றி நாற்பது கட்டுரை எழுதி ஒன்றோடொன்று இணைப்பது பல மடங்கு பயன் தரும். படித்தவர் அடுத்த கேள்விக்கும் உங்களிடமே வருவார்.

வருமானம் இரண்டு பக்கமிருந்து வருகிறது. ஒன்று விளம்பரம். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸில் நுழைவது எளிது. கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். அதைவிட நன்றாகத் தரும் விளம்பர வலையமைப்புகள் வாசகர் எண்ணிக்கையைப் பார்த்தே சேர்க்கும். மீடியாவைன் நெடுங்காலம் 30 நாளில் 50,000 அமர்வுகள் (வாசகர் தளத்துக்கு வந்துபோகும் தடவைகள்) கேட்டது; 2024இல் சிறு தளங்களுக்கென்று ‘ஜர்னி’ என்ற தனிப் பிரிவைத் திறந்தது. விளம்பர விலை ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் ஏறி ஜனவரியில் சரியும். டிசம்பர் வரவைப் பார்த்துவிட்டு வேலையை ராஜினாமா செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இன்னொன்று அஃபிலியேட் கமிஷன்: உங்கள் இணைப்பு வழியாகப் போய் ஒருவர் வாங்கினால் விற்பவர் தரும் பங்கு. இதை மனக்கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு விடுதிக் கட்டுரையை 10,000 பேர் படிக்கிறார்கள், நூற்றுக்கு மூன்று பேர் இணைப்பைச் சொடுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது 300 பேர். அவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அறை எடுத்தால் ஆறு முன்பதிவு. அறை 100 டாலர், உங்களுக்கு 4 சதவீதம் என்றால் 24 டாலர். ஆறில் இருவர் ரத்து செய்தால் 16. விடுதி முன்பதிவில் விருந்தினர் தங்கிவிட்டுப் போன பிறகே கமிஷன் உறுதியாகும். ஜனவரியில் சொடுக்கியவர் ஏப்ரலில் தங்கினால் அதற்கப்புறம்தான் காசு. அமேசானில் ஒரு சொடுக்கு 24 மணி நேரம் வரைதான் உங்கள் கணக்கில் நிற்கும். புதிய கணக்கு 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது காட்டாவிட்டால் மூடிவிடுவார்கள். வழிகாட்டியோடு போகும் ஒரு நாள் சுற்றுலா, படகுப் பயணம் போன்றவற்றை விற்கும் தளங்களில் குக்கி (வாசகரை அனுப்பியது யார் என்பதை உலாவியில் குறித்துவைக்கும் சிறு கோப்பு) 30 நாள் வரை நிற்பதுண்டு. அதனால் எழுத்துக்கு ஏற்ற பலன் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது.

இந்த வழியின் ஆபத்து கூகுள். பயனுள்ள உள்ளடக்கத்துக்கென்று 2023 செப்டம்பரில் வந்த தேடல் மாற்றத்தில் நிறைய பயணத் தளங்கள் வாசகர்களை இழந்தன. அவற்றில் பல பிறகும் மீளவில்லை. 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கி, தேடல் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு பதில் சொல்ல ஆரம்பித்தது. விசாவுக்கு எத்தனை நாள், எந்த மாதம் மழை என்பது போன்ற ஒற்றை வரிக் கேள்விகளை நம்பிய தளங்களுக்கு அது நேரடி அடி. டிக்கெட் இயந்திரக் கட்டுரையை அப்படி ஒரே வரியில் சுருக்க முடியாது; அது தாக்குப்பிடிப்பதற்கு இதுவே காரணம்.

பராமரிப்பைக் கணக்கில் எடுப்பவர் குறைவு. 150 கட்டுரை, ஒவ்வொன்றையும் வருடத்துக்கு இருமுறை சரிபார்க்க முறைக்கு ஒரு மணி நேரம் என்றால் 300 மணி நேரம். வாரம் 40 மணி நேர வேலையாகப் பார்த்தால் ஏழரை வாரம், புதிதாக ஒரு வரிகூட எழுதாமல்.

யூடியூப்

விளம்பர வருமானத்துக்கான நுழைவாயில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது: 1,000 சந்தாதாரர்கள், அதோடு கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை, அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வைகள். ஒருவர் சராசரியாக நாலு நிமிடம் பார்த்தால் 4,000 மணி நேரத்துக்கு 60,000 பார்வைகள் வேண்டும். ஷார்ட்ஸ் ஓடையில் பார்க்கப்படும் நேரம் இந்த 4,000இல் சேராது என்பதைத் தெரியாமல் ஷார்ட்ஸாகவே போட்டுத் தள்ளுபவர்கள் நிறைய. நீள வீடியோ விளம்பர வருவாயில் 55 சதவீதம் தயாரித்தவருக்கு, ஷார்ட்ஸில் 45 சதவீதம். எட்டு நிமிடம் அல்லது அதற்கு மேல் நீளமிருந்தால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம். பன்னிரண்டு நிமிட வ்லாக்குகள் இத்தனை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து வரவு தலைகீழாக மாறும். ஒரே எண்ணிக்கைப் பார்வைக்கு ஒரு நாட்டிலிருந்து வருவது இன்னொரு நாட்டிலிருந்து வருவதைப் போலப் பல மடங்காக இருக்கலாம். அதேபோல் ‘நான் அங்கே போனேன்’ வீடியோவைவிட ‘எந்தப் பயணக் காப்பீடு எதற்குப் பணம் தராது’ வீடியோவுக்கு விளம்பரதாரர் அதிகம் தருவார். வேடிக்கை பார்ப்பவரைவிடப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்தான் விளம்பரதாரருக்கு வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு பின்வேலை. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு செய்தால் ஒரு மணி நேரக் காட்சி 45 ஜிபி. ஒரு வாரத்தில் பத்து மணி நேரம் எடுத்தால் 450 ஜிபி, அதற்கு இரண்டு நகல். விடுதி வைஃபையில் மேகக் கிடங்குக்கு ஏற்றலாம் என்று நினைப்பவர் இரண்டாம் நாளே கைவிடுவார். இரண்டு எஸ்எஸ்டி (கையடக்கச் சேமிப்பு வட்டு) வாங்கி, ஒன்றைப் பையிலும் ஒன்றை உடம்போடும் வைத்திருப்பதுதான் நடக்கிற காரியம். மெமரி கார்டை இரண்டு நகலையும் திறந்து பார்த்த பிறகே அழிக்க வேண்டும்.

சந்தை வீதியில் நடந்தபடி பேசும்போது பின்னால் எங்கோ ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும். உங்கள் குரல் தெளிவாகவே இருக்கும். ஆனாலும் யூடியூபின் தானியங்கி உரிமைச் சோதனையான கன்டென்ட் ஐடி பாட்டைக் கண்டுபிடித்து, அந்த வீடியோவின் வருமானத்தை உரிமையாளர் பக்கம் திருப்பிவிடக்கூடும். யூடியூப் ஸ்டுடியோவிலேயே அந்தத் துண்டை வெட்டலாம், பாட்டை மட்டும் அடக்கலாம், வேறு இசை வைக்கலாம். உரிமை கோரிக்கை தவறென்றால் ஐந்து நாளுக்குள் மறுத்துவிட வேண்டும். அப்போதுதான் கோரிக்கை வந்த முதல் நாளிலிருந்து வரும் வருமானம் தனியே நிறுத்தி வைக்கப்படும். இதைவிட எளிய வழி, பேச வேண்டியதைச் சத்தமில்லாத சந்தில் தனியாகப் பதிவு செய்து பிறகு காட்சியோடு சேர்ப்பது.

இன்ஸ்டாகிராம்

இதைத் தொழில் என்பதைவிட விசிட்டிங் கார்டு என்பதே பொருத்தம். பதிவின் கீழே எழுதும் இணைப்பைச் சொடுக்க முடியாது, பதிவின் ஆயுளும் சில நாள்தான். வரவு கிட்டத்தட்ட முழுக்க ஸ்பான்சர்களிடமிருந்து. இலவசமாக இரண்டு இரவு தங்கவைத்து மூன்று ரீல், பத்து ஸ்டோரி கேட்பவரே அதிகம். இலவச அறையை வைத்து வாடகை கட்ட முடியாது என்பதை அவர்களிடம் சிரித்த முகத்தோடு சொல்லிப் பழக வேண்டும். ஒப்புக்கொண்டால், எத்தனை பதிவு, எத்தனை திருத்தம், எந்தத் தேதிக்குள் பணம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் வீடியோவை அவர்கள் தங்கள் விளம்பரத்தில் போட்டுக்கொள்ளும் உரிமைக்குத் தனி விலை, அதற்குக் கால வரம்பும் உண்டு. பணமோ இலவசமோ வாங்கியதை வெளிப்படையாகச் சொல்வது பல நாடுகளில் விதி. அமெரிக்காவில் இதை எஃப்டிசி எனும் அரசு வணிக ஆணையம் கண்காணிக்கிறது.

ஒரே மேடையை நம்புவதன் ஆபத்துக்கு உதாரணமாக 2020 ஜூன் போதும். இந்தியாவில் டிக்டாக் தடையானபோது லட்சக்கணக்கில் பின்தொடர்பவர்களை வைத்திருந்தவர்களுக்கு மறுநாள் பேச இடமில்லை.

பிறருக்கு எழுதுவது

பளபளப்பு குறைவு, காசு சீக்கிரம். இதழ்கள், விமான நிறுவனங்களின் வெளியீடுகள், சுற்றுலா நிறுவனங்களின் தளங்கள் ஆகியவற்றுக்குக் கட்டுரைக்கு இவ்வளவு என்று எழுதித் தருவது. கூகுள் என்ன செய்தாலும் பில் போட்ட தொகை மாறாது. ஆனால் உச்சவரம்பு உண்டு: எழுதாத மாதம் வரவும் இல்லை.

ஆசிரியருக்கு அனுப்பும் முன்மொழிவு அரைப் பக்கம் போதும். தலைப்பு, ஏன் இப்போது, யாரிடம் பேசப்போகிறீர்கள், எத்தனை சொல், படம் உண்டா. ‘அந்த ஊரைப் பற்றி எழுதட்டுமா’ என்று கேட்டால் பதில் வராது. ஊர் கதை ஆகாது. அச்சிதழ்கள் பல மாதம் முன்னதாகவே திட்டமிடுவதால் கோடைக்கால யோசனையைக் குளிர்காலத்திலேயே அனுப்ப வேண்டும். சம்மதிக்கும் முன் கேட்க வேண்டியவை: பணம் ஒப்படைத்ததும் வருமா, வெளியானதும் வருமா, கட்டுரை நின்றுபோனால் பாதியாவது தருவார்களா, சில மாதம் கழித்து அதையே உங்கள் தளத்தில் போடலாமா. மொத்த உரிமையையும் எழுதி வாங்குபவருக்கு விலையைக் கூட்டுங்கள்.

மின்மடல்

வாசகரின் மின்னஞ்சல் முகவரி கையில் இருந்தால் நடுவில் தேடுபொறி இல்லை. மின்மடல் அனுப்ப உதவும் சப்ஸ்டாக் போன்ற தளங்கள் சந்தா வருவாயில் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும். ஆனால் பயண வாசகர் பயணம் முடிந்ததும் போய்விடுவார். அதனால் மாதச் சந்தாவைவிட, ஏழு நாள் பயணத் திட்டம் ஒன்றை ஒரே தடவை விற்பது பெரும்பாலும் சரியாக வரும்.

எதை எடுப்பது

எழுத்து கைவந்தவர் பிறருக்கு எழுதி வீட்டுச் செலவைச் சமாளித்தபடி பக்கத்தில் தளத்தை வளர்க்கலாம். பிழைக்கக்கூடிய சேர்க்கை இதுதான் என்பது எங்கள் முடிவு. கேமரா முன் கூச்சமில்லாதவர் யூடியூபைப் பிடிக்கலாம். ஒவ்வொரு வீடியோவுக்கும் தளத்தில் ஒரு விவரப் பக்கம் வைத்தால் உழைப்பு இரட்டிப்பாகப் பயன்படும். இன்ஸ்டாகிராமை மட்டும் வைத்து வேலையை விடுவதைப் பரிந்துரைக்க மாட்டோம். எந்த வழியானாலும் தொடர்ந்து பன்னிரண்டு மாத வரவு குடும்பச் செலவைத் தொட்டிருக்க வேண்டும். கையில் ஆறு மாதச் செலவுக்கான பணமும் இருக்க வேண்டும். 2020இல் எல்லைகள் மூடியபோது பயணப் பதிவர்கள் பலருக்கு வரவு ஒரே நேரத்தில் நின்றது. பயணம் சாராத ஒரு வேலையும் கையில் இருப்பது நல்லது: மொழிபெயர்ப்போ எடிட்டிங்கோ எதுவானாலும்.

கிளம்பும் முன் முடித்துவைக்க வேண்டிய காகித வேலைகள் சில. சுற்றுலா விசாவில் பணம் வாங்கிப் படம்பிடிப்பது பல நாடுகளில் அனுமதிக்கப்பட்டதல்ல. மொராக்கோ போன்ற இடங்களில் டிரோனைக் கொண்டுபோனால் சுங்கத்திலேயே பிடித்து வைப்பார்கள். யூடியூபில் வரி விவரம் தராதவரின் உலகளாவிய வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடித்தம் உண்டு. தந்தபின், அமெரிக்காவுக்கு வெளியே வாழ்பவருக்கு அமெரிக்கப் பார்வையாளர்களிடமிருந்து வந்த பங்கில் மட்டும் பிடிப்பார்கள். உங்கள் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருந்தால் விகிதம் குறையலாம். கடைசியாக, ஆட்சென்ஸில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்புகிறார்கள். நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். எங்கோ ஒரு மலையில் கூடாரம் போட்டிருக்கும்போது அந்தக் கடிதத்தை வாங்கி, பிரித்து, எண்ணைச் சொல்ல வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும்.