நாய்வண்டியா, ஸ்னோமொபைலா?

ஆர்க்டிக் குளிர்காலத்தில் எதில் பயணம் செய்வது என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் வேகத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கணக்கு சட்டென்று முடிந்துவிடும். பாரம் இழுக்கும் நாய்கள் மணிக்கு 15 கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். பனியில் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைல் அலட்டிக்கொள்ளாமல் 60-ஐத் தொடும். சரி, இரண்டும் தின்பது என்ன, அது எங்கே கிடைக்கும்? நான் அங்கிருந்துதான் பார்ப்பேன்.

ஸ்னோமொபைல் ஓடினால்தான் பெட்ரோல். கோடையில் தார்ப்பாய் போட்டு மூடிவிடலாம். நாய்களை அப்படி மூடிவைக்க முடியுமா? கிரீன்லாந்தின் இலுலிசாட்டில் கோடை முழுக்க அவை ஊரோரப் பாறைகளில் சங்கிலியில் கட்டிக் கிடக்கும். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மீனோ சீல் இறைச்சியோ போட்டாக வேண்டும். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். 1960-களில் அலாஸ்கா கிராமங்களில் நாய்கள் மளமளவென்று குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். புதிதாக வந்த வண்டிக்கு அங்கே 'இரும்பு நாய்' என்றே பெயர். (கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த பொம்பார்டியே 1959-இல் விற்பனைக்கு விட்ட ஸ்கி-டூ ஸ்னோமொபைலுக்கு 'ஸ்கி-டாக்' என்றுதான் பெயர் வைக்க இருந்தாராம், எழுத்துப் பிழையில் மாறிவிட்டதாம்.) நாய்வண்டி அடியோடு போய்விடும் என்று பயந்துதான் நாய்வண்டி ஓட்டி ஜோ ரெடிங்டன் 1973-இல் அலாஸ்காவின் நோம் ஊர் வரையிலான இடிடராட் நாய்வண்டி நெடும்பந்தயத்தை முன்னின்று தொடங்கினார்.

ஆனால் வாரக்கணக்கில் போகும் பயணத்தில் இதே தீனிக் கணக்கு தலைகீழாகிவிடும். பெட்ரோலை வழியில் வேட்டையாட முடியாது, சீலை முடியும். மைனஸ் 40-இல் பெல்ட் அறுந்து, கையில் மாற்று பெல்ட்டும் இல்லையென்றால் இயந்திரம் வெறும் இரும்புதான். ஒரு நாய் நொண்டினால் அவிழ்த்து வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம், மற்றவை இழுக்கும். வடகிழக்குக் கிரீன்லாந்தைக் காவல் காக்கும் டென்மார்க்கின் சிரியஸ் படை இன்றைக்கும் குளிர்காலத்தில் நாய்வண்டியில்தான் ரோந்து போகிறது.

உறைந்த கடல் மேல் போவதென்றால் என் ஓட்டு நாய்க்கே. அனுபவப்பட்ட முன்னோடி நாய் மெல்லிய பனியில் கால் வைக்கத் தயங்கும். ஸ்னோமொபைலுக்கு அந்தப் புத்தி கிடையாது. கிரீன்லாந்தில் ஒவ்வொரு நாய்க்கும் தனிக் கயிறு, விசிறிபோல விரிந்து ஓடும். அதனால் பாரம் ஒரே இடத்தில் விழாது, ஒன்று தண்ணீரில் விழுந்தாலும் மற்றவற்றை இழுத்துப் போகாது. அலாஸ்காவில் காட்டுத் தடம் குறுகல் என்பதால் இரண்டிரண்டாகப் பூட்டுவார்கள்.

கண் தெரியாத பனிப்புயலிலும் அப்படித்தான். 1925-இல் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் பரவியபோது, நெனானாவிலிருந்து 1,085 கிலோமீட்டர் தூரத்தை 20 ஓட்டிகள் கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாளில் கடந்து மருந்தைக் கொண்டு சேர்த்தார்கள். கடைசியில் வந்த குன்னர் காசன், தடமே தெரியாத இடத்தில் தன் முன்னோடி நாய் பால்டோவின் மூக்கை நம்பித்தான் வண்டியை விட்டார். மிக நீண்ட, ஆபத்தான பகுதியை ஓடியது இன்னோர் ஓட்டியான செப்பாலாவின் முன்னோடி நாய் டோகோ. ஆனால் அந்த வருடமே நியூயார்க்கில் சிலை எழுந்தது பால்டோவுக்கு!

கிரீன்லாந்தில் பனிக்கரடி வேட்டைக்கு ஸ்னோமொபைலில் போகக் கூடாது, நாய்வண்டியோ படகோதான் என்பது சட்டம். மற்றபடி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், கடைக்குப் போய்ச் சாமான் ஏற்றி வர வேண்டும் என்றால் ஸ்னோமொபைல்தான். அதில் வாதமே இல்லை.

சுற்றுலா போகிறவர்கள் நாய்வண்டியில் ஏறுங்கள். கிளம்பும் முன் எல்லா நாயும் குதித்துக் குதித்துக் குரைக்கும், காது கிழியும். கட்டை அவிழ்த்து இழுக்கத் தொடங்கிய நொடியில் சத்தம் அத்தனையும் நின்றுவிடும். அப்புறம் பனியில் வண்டி உரசும் ஒலியும் நாய்களின் மூச்சும் மட்டும்தான். ஒன்றை மட்டும் விளம்பரப் படத்தில் காட்ட மாட்டார்கள். அவை ஓடிக்கொண்டேதான் மலம் கழிக்கும், ஓட்டி பின்னால் நிற்பார், முன்னால் உட்கார்ந்திருப்பது நீங்கள்.