ரிஜிட் சிங்கிள்ஸ்பீடா, கியர் ஹார்ட்டெயிலா?

குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஓட்ட 29 அங்குலச் சக்கர மவுண்டன் பைக் ஒன்று வேண்டும். கையில் இருக்கும் காசுக்கு இரண்டு வழி. முன்னால் 120 மி.மீ. சஸ்பென்ஷன் ஃபோர்க்கும் பின்னால் 12 கியரும் உள்ள ஹார்ட்டெயில் (பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத வண்டி) வாங்கலாம். அல்லது சஸ்பென்ஷனே இல்லாமல், ஒரே கியரோடு ஸ்டீல் ஃப்ரேம் வண்டி, அதாவது ரிஜிட் சிங்கிள்ஸ்பீட், கட்டலாம். நான் இரண்டாவதை எடுத்தவன். அலசல் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று முடித்துவிடலாம். கல்லும் வேரும் நிறைந்த இறக்கத்தில் ஹார்ட்டெயில் வேகமாகப் போகும், கையும் வலிக்காது. எடையில் ரிஜிட் ஜெயிக்கும்: கேசட் (பின்பல் அடுக்கு), டிரெய்லியர் (செயினைப் பல் மாற்றித் தள்ளும் கருவி), ஷிஃப்டர் மூன்றும் போனாலே ஏறக்குறைய ஒரு கிலோ குறையும், ஃபோர்க்கில் இன்னும் அரைக் கிலோவுக்கு மேல். விற்கப் போனால் ஹார்ட்டெயிலுக்குத்தான் ஆள் உண்டு. சிங்கிள்ஸ்பீடைப் பார்ப்பவருக்கு அது பால்காரர் சைக்கிள், அதற்கு இவ்வளவு விலையா என்பார்.

ஏற்றத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சிங்கிள்ஸ்பீடில் முன்னால் 32 பல், பின்னால் 20 பல் என்பது 29 அங்குலச் சக்கரத்துக்கு வழக்கமான அளவு. பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 3.7 மீட்டர் நகரும். 12 கியர் வண்டியில் பின்னால் 51 பல்லுக்குப் போனால் அதே சுற்றுக்கு 1.4 மீட்டர்தான். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் செங்குத்தாக ஏறும்போது கியர்காரர் நிமிடத்துக்கு 58 சுற்று மிதிப்பார், சிங்கிள்ஸ்பீடுகாரர் 23. அதாவது உட்கார்ந்து ஏற முடியாது. எழுந்து நின்று, ஹேண்டில்பாரை இழுத்து, உடம்பு எடையைப் பெடலில் போட வேண்டும். பத்து நிமிட ஏற்றத்துக்கு இது அருமை. ஒரு மணி நேர ஏற்றம் என்றால் இறங்கித் தள்ளத்தான் வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சமதளத்தில் 20 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் கால் வெறுமனே சுழலும்.

எடையைத் தவிர இவ்வளவும் ஹார்ட்டெயிலுக்குச் சாதகம். பிறகு ஏன் மற்றது? பராமரிப்புதான்.

சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்ற, ஃபோர்க் தயாரிக்கும் ராக்‌ஷாக்ஸ் சொல்லும் இடைவெளி 50 மணி நேர ஓட்டம். வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு மணி நேரம் என்றால் மூன்றே மாதம். வேலை கஷ்டமில்லை: அடியில் உள்ள இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, மெல்லத் தட்டி, கீழ்க்கால்களை உருவி, பஞ்சு வளையத்தைச் சுத்தம் செய்து, மாடலுக்கு ஏற்ற எண்ணெயைக் காலுக்குச் சில மில்லி ஊற்றி மூட வேண்டும். சிக்கல், சரியான சீல் கிட்டும் எண்ணெயும் நம் ஊர்ச் சைக்கிள் கடையில் இருக்காது என்பதுதான். வரவழைக்க வேண்டும். வரும்வரை ஓட்டினால், சீல் உதட்டைத் தாண்டி உள்ளே போன செம்மண் தூள் ஃபோர்க்கின் மேல்குழாய்ப் பூச்சை உரசித் தின்னும். வழவழவென்று இருந்த குழாயில், பின்பக்கமாக, விரல் நகம் மாட்டுகிற அளவுக்கு ஒரு கோடு விழுந்தால் சீல் மாற்றிப் பயனில்லை. மேல்பாகத்தை மொத்தமாக மாற்ற வேண்டும், அது புது ஃபோர்க் விலையை நெருங்கும்.

கியரும் அப்படியே. ஐப்பசி மழையில் களிமண்ணும் புல்லும் டிரெய்லியரில் சுற்றிக்கொள்ளும். அது தெரியாமல் ஓங்கி மிதித்தால் டிரெய்லியர் ஸ்போக்குக்குள் போய், அதை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் ஹேங்கரை முறிக்கும். முறியாமல் லேசாக வளைந்தாலே 12 கியர் ஒழுங்காக விழாது. 12 ஸ்பீடு செயின் 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கேசட்டும் கூடவே போகும். சிங்கிள்ஸ்பீடில் 1 சதவீதம் வரை ஓட்டலாம். தடித்த ஸ்டீல் பல், வளையாமல் நேராக ஓடும் செயின், இரண்டும் நின்று உழைக்கும்.

அதற்காகச் சிங்கிள்ஸ்பீடை கவனிக்கவே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு ஒரே ஒரு நோய், செயின் தளர்வு. நடுவில் விரலால் அழுத்தினால் செயின் மேலும் கீழுமாக 10 முதல் 12 மி.மீ. ஆட வேண்டும். அதிகம் ஆடினால் கரட்டில் கழன்று விழும். முறுக்கிவிட்டால் ஹப் பேரிங்கும் பாட்டம் பிராக்கெட்டும் (கிராங்க் சுழலும் அச்சுப் பகுதி) தேயும். முன்பல் சக்கரம் துல்லியமாக மையத்தில் உட்காராததால் ஒரு இடத்தில் இறுக்கமாகவும் எதிர்ப்பக்கம் தளர்வாகவும் இருக்கும். செயின்ரிங் (முன்பல் சக்கரம்) போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, கிராங்க்கை மெதுவாகச் சுற்றி, செயின் இறுகுகிற இடத்தில் லேசாகத் தட்டி, மீண்டும் முறுக்கினால் பாதி சரியாகும். தளர்வை எப்போதும் இறுக்கமான இடத்தில் வைத்தே அளக்க வேண்டும்.

ஃப்ரேம் வாங்கும்போதே செயினை இறுக்க நகரும் டிராப்அவுட் (பின்சக்கர அச்சு உட்காரும் இடம்) இருக்கிறதா பாருங்கள். டிஸ்க் பிரேக்கின் காலிப்பரும் (பேட் பிடிக்கும் பாகம்) சேர்ந்தே நகரும் வகைதான் நல்லது, ஒவ்வொரு தடவையும் பிரேக்கைச் சரிசெய்ய வேண்டாம். மையம் விலக்கித் திருப்பிச் செயினை இறுக்கும் எக்சென்ட்ரிக் பாட்டம் பிராக்கெட்டும் வேலை செய்யும், ஆனால் மண் புகுந்தால் கிறீச்சிடும். அச்சை நகர்த்த முடியாத செங்குத்து டிராப்அவுட் ஃப்ரேமில், செயினை அழுத்தி இறுக்கும் டென்ஷனர் மாட்டுவது மலிவு வழி. நின்று மிதிக்கும்போது செயின் பல் தாவுவதும் அங்கேதான். ஹாஃப் லிங்க் (அரைக் கண்ணி) போட்டு நீளத்தைச் சரிசெய்தால், ஒரு பல் மெல்லிசு ஒரு பல் தடிப்பு என்று மாறி மாறி வரும் நேரோ-வைடு செயின்ரிங் ஒத்துவராது, எல்லாப் பல்லும் ஒரே தடிமனான ரிங் வேண்டும். பின்பல் அடி அகலமானதாக இருக்கட்டும். தகட்டில் வெட்டிய மெல்லிய பல் பின்பல் உட்காரும் அலுமினிய ஃப்ரீஹப்பைக் கடித்து, அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

ரிஜிட் வண்டிக்கு டயர்தான் சஸ்பென்ஷன். முன்னால் 2.6 அங்குலத்துக்குக் குறையாமல், டியூப்லெஸ்ஸாக. 70 கிலோ ஆளுக்கு முன்னால் 15-16, பின்னால் 19-20 பி.எஸ்.ஐ. காத்து அடித்துத் தொடங்கலாம். ரிம் கல்லில் மோதுகிற ‘டங்’ சத்தம் ஒரு சுற்றில் இரண்டு மூன்று முறை கேட்டால் ஒரு பி.எஸ்.ஐ. கூட்டுங்கள், விட்டால் ரிம் நெளியும். டியூப்லெஸ் டயரின் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், மறக்காமல் ஊற்ற வேண்டும். முன்சக்கரம் துள்ளுகிற இடத்தில் பிரேக் பிடிக்காது. கல் வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கல்லின் மேல் பிரேக்கை விட்டுவிட வேண்டும். 1976-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய ரீபேக் (‘மறுபடி அடை’) மலையிறக்கப் பந்தயத்தில் ஓடியவற்றில் பலவும் இப்படி ஒரே வேகமும் ரிஜிட் ஃபோர்க்கும் கொண்ட பழைய வண்டிகளே. இறக்கத்தில் கோஸ்டர் பிரேக் (பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிப்பது) சூடாகி ஹப் கிரீஸ் எரிந்து, மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால்தான் அந்தப் பெயரே வந்தது. டிஸ்க் பிரேக் உள்ள நாம் புலம்பக் கூடாது.

இருக்கிற ஹார்ட்டெயிலில் ரிஜிட் ஃபோர்க் மாட்டுபவர்கள் சக்கர ஆக்ஸிலிலிருந்து கிரவுன் (ஃபோர்க்கின் இரண்டு கால்களும் மேலே சேரும் இடம்) வரையான நீளத்தைப் பாருங்கள். சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் ஆள் ஏறியதும் அமுங்கும் அளவைக் கழித்தால் வருவதுதான் சரியான நீளம், 100 மி.மீ. ஃபோர்க் இருந்த 29 அங்குல வண்டிக்குப் பெரும்பாலும் 480 மி.மீ. பக்கம் வரும். 20 மி.மீ. குறைந்தால் ஹெட் ஆங்கிள் (ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோணம்) சுமார் ஒரு டிகிரி நிமிரும், பெடலும் கல்லில் இடிக்கும்.

முழங்கால் வலி உள்ளவர்கள், கியர்காரர்களோடு கூட்டமாக நாள் முழுக்க ஓட்டுபவர்கள், ட்ரெயிலுக்குப் போகவே 20 கி.மீ. தார்ரோடு ஓட்ட வேண்டியவர்கள் ஹார்ட்டெயிலே வாங்கலாம். மணிக்கட்டு எத்தனை வருடம் தாங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதில் நான் உறுதி தர மாட்டேன். இடைவழியும் உண்டு: ரிஜிட் ஃபோர்க், பின்னால் 9 அல்லது 10 கியர். ஃபோர்க் செலவு மிச்சம், ஏற்றத்திலும் சமாளிக்கலாம்.

முடிவெடுக்கும் முன் காசில்லாமல் சோதிக்கலாம். 10-51 கேசட் உள்ள வண்டியில் செயினை 21 பல்லில் போட்டு, முன்னால் 32 இருந்தால், ஷிஃப்டரைத் தொடாமல் வழக்கமான ட்ரெயிலை இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஆனால் ரிஜிட் எப்படி இருக்கும் என்று பார்க்க ஃபோர்க்கை லாக்அவுட் போட்டு (அமுங்காமல் பூட்டி) கரட்டில் இறங்காதீர்கள். உள்ளே துள்ளலை அடக்கும் டேம்பர் கெடலாம். அதற்குத் தெரிந்தவரிடம் ஒரு ரிஜிட் வண்டியை ஒரு நாள் கேட்டு வாங்குங்கள்.