இசைப்பள்ளியா, குருவா, பல்கலைக்கழகமா? மைக் செட்காரன் பார்த்த கணக்கு

தங்கச்சி மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வந்து நின்றாள். "மாமா, நான் பாட்டுதான் படிக்கப் போறேன்." அவளுக்குப் பின்னாலேயே அவள் அப்பா, எங்க வீட்டு மாப்பிள்ளை. "அத்தான், நீங்கதான் எடுத்துச் சொல்லணும். பாட்டு சோறு போடுமா?"

நான் சங்கீதம் படித்தவன் இல்லை. அப்பா காலத்திலிருந்தே மைக் செட் தொழில். பாளையங்கோட்டையைச் சுற்றி முப்பது வருஷமாகக் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் கச்சேரிக்கும் மைக் வைக்கிறேன். பாடுகிறவர் எங்கே படித்துவிட்டு வந்தவர் என்று, அவர் சுருதி சேர்க்கிற நேரத்திலேயே ஓரளவு பிடிபட்டுவிடும். அந்தத் தைரியத்தில் ஒரு மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன்.

முதலில் வீட்டுப் பக்கத்திலேயே இருப்பது. தமிழ்நாட்டில் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன, நெல்லையிலும் ஒன்று. 12 வயதிலிருந்து 25 வரை சேர்க்கிறார்கள், மூன்று வருஷப் படிப்பு. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம், நாதஸ்வரம், தவில், தேவாரம் என்று பிரிவுகள். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் தேவாரத்துக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். இந்த ஒரு சலுகைக்காகவே அந்தப் பள்ளிகளுக்குக் கும்பிடு போடலாம். பரம்பரையாக ஊதுகிற வீட்டுப் பையன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டிருந்தாலும் கதவு திறந்திருக்கிறது. கோயில் வேலைக்கு அந்தச் சான்றிதழ் உதவுகிறது. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு எம்.ஏ. சேர முடியாது. இடையில் ஒரு இளங்கலை வேண்டும். மாப்பிள்ளை அந்த இடத்திலேயே உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

இரண்டாவது குரு. இதற்கு நம்ம பக்கத்தில் காருகுறிச்சி அருணாசலத்தைக் காட்டினால் போதும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சேர்ந்து, கூடவே இருந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊதிக் கற்றவர். 1964இல் காலமானார், இன்றும் இந்தப் பக்கம் நாதஸ்வரம் என்று பேச்செடுத்தால் அவர் பெயர் வராமல் முடியாது. நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியை எப்போது ஈரப்படுத்துவது, மூச்சு எங்கே தளர்வது, கூட்டம் கலைகிற நேரத்தில் எந்த ராகத்தை எடுப்பது, இதெல்லாம் எந்த வகுப்பறையிலும் வராது. குருவிடம் குறையும் இருக்கிறது. அவருக்குப் பிடிக்காத பாணி சீடனுக்குத் தெரியாமலே போகும். "ஏன் இப்படி?" என்று கேட்டால் சில வீடுகளில் பாடம் அன்றோடு நிற்கும். தங்கச்சி மகள், அதாவது என் மருமகள், ஆறு வருஷம் ஒரு பாட்டு டீச்சரிடம் படித்தவள். வர்ணம் வந்துவிட்டது, கீர்த்தனை வந்துவிட்டது. அவள் கேட்டதில் பாதிக் கேள்விக்கு டீச்சர், "பாடு, தன்னால தெரியும்" என்பதோடு சரி.

மூன்றாவது, பல்கலைக்கழக இசைத்துறை. அதிலேயே இரண்டு அச்சு இருக்கிறது என்பது அலைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஒன்று சிதம்பரத்து அச்சு. 1929இல் அங்கே தொடங்கிய இசைக் கல்லூரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக வளர்ந்தது. தண்டபாணி தேசிகர் மாதிரி மேடையில் பேர் வாங்கியவர்கள் அங்கே பொறுப்பில் இருந்தார்கள். 1941இல் தமிழிசை மாநாடு கூடியதும் அங்கேதான். பாட்டுக்காரரை உருவாக்குவது, எந்த மொழியில் பாடுவது என்று சண்டை போடுவது, இரண்டையும் தன் வேலையாக எடுத்துக்கொண்ட இடம். இன்னொன்று சென்னை அச்சு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசை அறிஞர் சாம்பமூர்த்தி போட்ட பாதையில் லட்சணம் என்கிற இசை இலக்கணம், வரலாறு, வாத்தியங்களின் அமைப்பு, ஆராய்ச்சி என்று போகும். மேடைக்காரருக்கு முதலாவது இனிக்கும், புத்தகக்காரருக்கு இரண்டாவது. (2013இல் சென்னையில் இசைக்கும் கவின்கலைக்கும் என்று தனிப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. நெல்லையிலிருந்து ரயிலேறினால் திருவனந்தபுரத்தில் 1939இலிருந்து நடக்கும் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியும் உண்டு. அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை.)

மூன்றையும் ஒரே தராசில் நிறுத்த ஒரு பாட்டை எடுத்துக்கொண்டேன். காவடிச்சிந்து. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் பாடியது, நம்ம ஊர்ச் சரக்கு. இசைப்பள்ளியில் பிள்ளைகள் அதைக் கூட்டமாகப் பாடுவார்கள், தாளம் பிசகாது. குரு அதைக் கச்சேரி முடிகிற நேரத்துத் துக்கடாவாகச் சொல்லிக் கொடுப்பார், அவர் பாட்டிலிருக்கும் குழைவு அப்படியே ஒட்டிக்கொள்ளும். இசைத்துறை என்ன செய்ய வேண்டும்? காவடி தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் நடப்பவன் கால் வைப்புக்கும் மூன்று மூன்றாக விழுகிற அந்தத் திஸ்ர நடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வேண்டும். கழுகுமலையில் பாடுகிற மெட்டும் சபாவில் பாடுகிற மெட்டும் எங்கே பிரிந்தன என்று பார்க்க வேண்டும். பார்த்ததை அடுத்தவன் சரிபார்க்கிற மாதிரி எழுதி வைக்க வேண்டும். சான்றிதழ் கொடுக்க இசைப்பள்ளி இருக்கிறது, வித்வானாக்க குரு இருக்கிறார். கேட்டுப் பதிந்து எழுதுகிற வேலைக்கு வேறு ஆள் கிடையாது.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த இலக்கணம் இல்லை. துறை என்று ஒன்று வருவதற்கு முன்பே இந்தச் சீமை அதைச் செய்திருக்கிறது. எட்டயபுரத்தில்தான் 1835இல் முத்துசுவாமி தீட்சிதர் மறைந்தார். அவர் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் அதே எட்டயபுரத்தில் உட்கார்ந்து 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டார். ஆயிரம் பக்கத்துக்கு மேல். தீட்சிதரின் கிருதிகள் மட்டும் 229, ஒவ்வொன்றும் சுரப்படுத்தி, சுரத்தை அசைத்துக் குழைக்கிற கமகத்துக்கெல்லாம் தனித்தனிக் குறி போட்டு. தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், தஞ்சாவூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டே சொந்தக் காசில் இசை மாநாடுகள் கூட்டினார். கீழ் 'ச'விலிருந்து மேல் 'ச' வரைக்கும் உள்ள ஒரு ஸ்தாயிக்குள் சுருதி என்கிற நுண்சுரம் 22 என்று எல்லோரும் சொல்ல, இல்லை 24 என்று கணக்குப் போட்டு வாதாடினார். 1916இல் பரோடா மாநாட்டுக்கு மகள்களைக் கூட்டிப்போய்ப் பாடியும் வீணை வாசித்தும் காட்டவைத்தார். மறு வருஷம் 'கருணாமிர்த சாகரம்' என்ற இசை நூல். அவர் கணக்கு சரியா தப்பா என்று இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். அடித்துக்கொள்ள ஏதுவாக எழுதி வைத்துவிட்டுப் போனாரே, துறைக்காரர்களிடம் நான் எதிர்பார்ப்பது அதைத்தான்.

இந்த அளவுகோலோடு இரண்டு பல்கலைக்கழகங்களுக்குப் போனோம். முதல் இடத்தில் கட்டடம் ஜோர். கண்ணாடி அலமாரியில் தம்புரா, சுவரில் 72 மேளகர்த்தா (தாய் ராகங்கள்) அட்டவணை. "வில்லுப்பாட்டு பதிவு ஏதாவது வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டேன். அவர் என் சட்டையைப் பார்த்தார். "அதெல்லாம் சிலபஸ்ல இல்லீங்க. ஃபோக்லோர் டிபார்ட்மெண்ட்ல கேளுங்க." பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்று மையமே இருக்கிறது, அங்கே நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் வில்லுப்பாட்டில் குடத்தின் வாயில் பத்தி மட்டை விழுகிற அடியும், வில்லில் தட்டுகிற வீசுகோல் மணியும், வலப்பக்கக்காரர் பாடியதை இடப்பக்கக்காரர் வாங்கிப் பாடுவதும் சங்கீதத்தில் சேர்த்தி இல்லையென்றால், அலமாரிக்குள் இருக்கிற தம்புரா மட்டும் என்னத்தைச் சொல்லப் போகிறது?

இரண்டாவது இடத்தில் கட்டடம் ஒழுகியது. வகுப்பில் எட்டுப் பேர்தான். அங்கிருந்த பேராசிரியை என்னை உட்கார வைத்து, "கொடைக்கு மைக் போடுவீங்களா? அப்ப உங்ககிட்ட பழைய கேசட் இருக்குமே?" என்றார். இருந்தது. அப்பா பதிந்த இரண்டு பெட்டி நிறைய. எனக்கு அந்த நிமிஷமே முடிவு தெரிந்துவிட்டது. மருமகள் முகத்திலும் தெரிந்தது.

மாப்பிள்ளைக்குக் கடைசியாகக் காசுக் கணக்கும் சொன்னேன், ஒளிக்கவில்லை. பி.ஏ. இசை முடித்ததும் வேலை வாசலில் வந்து நிற்காது. கல்லூரியில் பாடம் நடத்த எம்.ஏ. படித்து, நெட்டோ செட்டோ ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும், இல்லையென்றால் முனைவர் பட்டம். இடமும் குறைச்சல். நடுவில் டியூஷன் எடுத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். குரல் மட்டும் வேண்டும் என்கிற பிள்ளைக்கு நான் இந்த வழியைச் சொல்லமாட்டேன், நல்ல குருவும் நாலு மணி எழுப்பமும் போதும். நம்ம பிள்ளை கேள்வி கேட்கிற பிள்ளை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஹாஸ்டல் எவ்வளவாம்?" என்றார்.

போன கொடைக்கு லீவில் வந்திருந்தாள். சுடலை கோயில், நடுச்சாமத்துச் சாமக்கொடை, மகுடம் அடித்துப் பாடி ஆடுகிற கணியான் கூத்து. நான் மைக் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மகுடம் என்கிற தோல் வாத்தியம் அடிக்கிற பெரியவர் ஓலையைக் கொளுத்தி, தோலைச் சூட்டில் காட்டிக் காட்டிச் சுண்டிப் பார்த்தார். உச்ச மகுடம் சத்தம் ஏறியது. மந்த மகுடத்துக்கு இன்னும் கொஞ்சம் சூடு. இவள் பக்கத்தில் குந்தி, போனில் பதிந்துகொண்டே நோட்டில் அடிகளை எழுதினாள். ஒரு ஆட்டம் முடிந்ததும் பெரியவர் கேட்டார், "என்ன எழுதுத தாயி? வாசி பாப்போம்."

தகிட, தக என்று கையால் தட்டி வாசித்தாள். அவர் தலையை ஆட்டினார். "கணக்கு சரிதான். நடுவுல ஒரு இழுப்பு இருக்குல்லா, அத உட்டுட்டியே."

"அத எப்படித் தாத்தா எழுத?"

"எனக்கு என்ன தெரியும்? நீதான படிக்க. இன்னொருக்க அடிக்கேன், கேளு."

கையை வைத்தவர் நிறுத்திவிட்டு, ஓலையை மறுபடி கொளுத்தச் சொன்னார். பேசிக்கொண்டிருந்த நேரத்துக்குள் தோல் தொய்ந்துவிட்டிருந்தது.