பிடிசி ஹீட்டரா, ஹீட் பம்பா? வால்பாறை ஏறும் மின்காருக்கு எது பொருந்தும்

பொள்ளாச்சியில் ஏசி போட்டுக்கொண்டு புறப்படும் கார், 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறையை நெருங்கும்போது, ஆடிச் சாரலில் முன்கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாய் மூடிக்கொள்ள, ஓட்டுபவர் துணியால் துடைத்துத் துடைத்து வழி பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த மூட்டத்தைப் போக்கச் சூடான காற்று உதவும். டீசல் வண்டியில் இன்ஜின் வீணாக்கும் வெப்பமே, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் வழியாக உள்ளே வந்துவிடும். மின்காரிலோ அந்தச் சூட்டுக்குப் பெரும்பாலும் பேட்டரிதான் செலவழிக்க வேண்டும்.

மின்சாரத்தை நேரடியாக வெப்பமாக்கும் பிடிசி ஹீட்டர் எளிமையானது, விலை குறைந்தது, உடனே சுடுவது. ஆனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பத்துக்கு மேல் அதனால் தர இயலாது. ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஏசியின் சுழற்சியையே திருப்பிவிட்டு, வெளிக்காற்றிலிருந்தும், சில கார்களில் மோட்டாரும் பேட்டரியும் வெளிவிடும் சூட்டிலிருந்தும் வெப்பத்தைத் திரட்டி உள்ளே சேர்ப்பதால், மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2 முதல் 3 யூனிட் வரை வெப்பம் கிடைக்கும். உறைபனிக் குளிரில் இந்த ஆதாயம் சுருங்கும். வால்பாறைக் குளிருக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை. வால்வுகளும் குழாய்களும் கூடுவதால் பழுதுபார்க்கத் தேர்ந்த கை வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஈரோடு, கரூர்ச் சமவெளியில் பெரும்பாலும் தேவைப்படுவது குளிர்ச்சிதான். அதற்கு இரண்டிலும் கம்ப்ரசரே உழைக்கிறது. ஆகவே சமவெளியிலேயே ஓடும் வண்டிக்கு ஹீட் பம்புக்கெனக் கூடுதல் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்து நாள்தோறும் மலையேறி இறங்குவோர் அதைத் தயங்காமல் வாங்கலாம்.